ஒரு கண்ணா, இரண்டு கண்ணா?

மின்வாரியத்தில் 34 வருடம் வேலை பார்த்தவன் நான். கரண்ட் இல்லை என்று யார் போன் செய்தாலும் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "உங்க வீட்டுல மட்டுமா, தெரு முழுக்கவா?" ஒரு வீட்டில் மட்டும் என்றால் ஃப்யூஸ் கேரியரையும் சர்வீஸ் ஒயரையும் பார்க்க வேண்டும். தெரு முழுக்க என்றால் டிரான்ஸ்பார்மர் பக்கம் போக வேண்டும். இதைக் கேட்காமல் ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவனுக்கு ஃபோர்மேனிடம் அர்ச்சனை நிச்சயம். நானும் வாங்கியிருக்கிறேன். பின்னாளில் மற்றவர்களுக்குக் கொடுத்தும் இருக்கிறேன்.

அப்படிப்பட்ட நான் அந்தக் கேள்வியை என் வீட்டு மீன் தொட்டி முன்னால் கேட்க மறந்தேன். அதன் கதையைத்தான் இன்று எழுதுகிறேன். கடல் மீன் வளர்க்கிற ஒன்றிரண்டு பேராவது இதைப் படிப்பீர்கள் என்ற நம்பிக்கை.

தொட்டி என் மகனுடையது. ஐந்தடி நீளம், 400 லிட்டர். வேலை கிடைத்து வெளிநாடு போகும்போது, "அப்பா, நீங்க சும்மாதானே இருக்கீங்க" என்று என் தலையில் கட்டிவிட்டுப் போனான். நன்னீர் மீன் மாதிரி இல்லை, இது பெரிய வேலை. ஆர்.ஓ. தண்ணீரில் உப்புப் பொடியை அளந்து கலக்க வேண்டும், அடர்த்தி 1.025 பக்கத்தில் நிற்க வேண்டும். ஆவியாகிற தண்ணீருக்குத் தினமும் நல்ல தண்ணீர் விட வேண்டும். முதல் ஆறு மாதம் சபித்தேன். பிறகு காலை காபி அதன் முன்னால்தான் என்று ஆகிவிட்டது.

தொட்டியில் ஒரு ஜோடி கோமாளி மீன், இரண்டு இறால், பாறைகளில் சில நத்தைகள், ஒரு நீல சர்ஜன் மீன். வாலடியில் அறுவை சிகிச்சைக் கத்தி போல ஒரு முள் இருப்பதால் அதற்கு அந்தப் பெயர். நீமோ படம் பார்த்த என் பேத்தி அதற்கு டோரி என்று பெயர் வைத்தாள்.

ஒரு நாள் காலையில் பார்த்தால் டோரியின் இடது கண் புடைத்து வெளியே தள்ளிக்கொண்டு இருந்தது. மேலே லேசாகப் பால் தெளித்த மாதிரி மங்கல். பதறிப்போய் போட்டோ எடுத்து, வழக்கமாக வாங்கும் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு மருந்து சொன்னார்கள். ஒன்று தாமிரம் கலந்த நீலத் திரவம், இன்னொன்று டெட்ராசைக்ளின் மாத்திரை. இரண்டையும் வாங்கி வந்து அன்று மாலையே தொட்டியில் கொட்டினேன்.

இரண்டாம் நாள் தண்ணீர் கலங்கியது. மூன்றாம் நாள் இறால் இரண்டும் மல்லாந்து கிடந்தன. நான்காம் நாள் காலை, ஆறு வருடமாக ஒரே பாறைக்குக் கீழே குடித்தனம் நடத்திய கோமாளி ஜோடி மிதந்தது. அம்மோனியா சோதனைக் குழாயில் தண்ணீர் கரும்பச்சையாக மாறியது. டோரிக்கு ஒன்றும் ஆகவில்லை! புடைத்த கண்ணோடு சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

மகனுக்குப் போன் போட்டேன். அவன் கேட்ட முதல் கேள்வி, "அப்பா, ஒரு கண்ணா, ரெண்டு கண்ணுமா?"

நான் பதில் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டேன். 34 வருடம் நான் மற்றவர்களைக் கேட்ட கேள்வி.

ஒரு கண் மட்டும் புடைத்தால் பெரும்பாலும் அது அடிபட்டது. பாறையில் மோதியிருக்கும், வலையில் உரசியிருக்கும், இன்னொரு மீன் இடித்திருக்கும். இரண்டு கண்ணும் புடைத்தால் கோளாறு கண்ணில் இல்லை, மீனின் உடம்பிலோ தண்ணீரிலோ இருக்கிறது. இது நூற்றுக்கு நூறு சரியான விதி இல்லை, ஆனால் எங்கே தேட ஆரம்பிப்பது என்று சொல்லிவிடும். யோசித்துப் பார்த்தால், முந்தின நாள் சாயங்காலம் கண்ணாடியைச் சுரண்டப் பாறையை நகர்த்தினேன். டோரி மிரண்டு ஓடிப் பாறையில் மோதியதை என் கண்ணால் பார்த்தேன். காரணம் என் கையிலேயே இருந்தது.

அந்த இரண்டு மருந்துகளைப் பற்றியும் பிறகு தெரிந்துகொண்டேன். தாமிரம், வெள்ளைப்புள்ளி போன்ற ஒட்டுண்ணிகளுக்கு நல்ல மருந்துதான், அதுவும் தனித் தொட்டியில் அளந்து விட்டால். அடிபட்ட கண்ணுக்கு அது எதுவுமே செய்யாது. ஆனால் இறாலையும் நத்தையையும் பாறை இடுக்கில் வாழும் சிறு புழுக்களையும் கொன்றுவிடும். அவை அழுகி அம்மோனியா ஏறும். கடல் நீரின் பி.எச். 8.2 பக்கத்தில் இருப்பதால் அதே அளவு அம்மோனியா நன்னீரில் இருப்பதைவிட இங்கே கொடிய விஷம். டெட்ராசைக்ளின் கதை இன்னும் வேடிக்கை. அந்த மாத்திரையைப் பாலோடு சாப்பிடாதே என்று டாக்டர்கள் நமக்குச் சொல்வார்கள், ஞாபகம் இருக்கிறதா? பாலில் உள்ள கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு மருந்து வீணாகிவிடும் என்பதால். கடல் நீரில் கால்சியமும் மெக்னீசியமும் நிறைய. அதில் இந்த மாத்திரையைக் கரைத்தால் பெரும்பகுதி நோய்க் கிருமியிடம் போய்ச் சேராது. வலுவோடு மிஞ்சுவதும் தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும் நல்ல பாக்டீரியாவுக்குத்தான் கெடுதல்.

கடைக்காரப் பையனை நான் திட்டவில்லை. அவன் பார்த்தது ஒரு மங்கலான போட்டோ. கேட்டவன் கையில் ஏதாவது கொடுத்தால்தான் போவான். ஊசி போடாமல் அனுப்புகிற டாக்டரை நம்மில் எத்தனை பேர் மதித்தோம்? என் அபிப்பிராயம் இதுதான்: வீட்டுத் தொட்டிகளில் கண் நோயால் சாகும் மீனைவிட கண் நோய்க்கு நாம் கொட்டும் மருந்தால் சாகும் மீன்தான் அதிகமாக இருக்க வேண்டும். கணக்கு எடுத்தவன் இல்லை நான், என் வீட்டுக் கணக்கு இரண்டு மீன், இரண்டு இறால்.

சரி, என்ன பார்க்க வேண்டும்?

எண்ணிய பிறகு, தண்ணீரைச் சோதியுங்கள். அம்மோனியா, நைட்ரைட், உப்பு, வெப்பம். பிறகு ஒரு சின்ன டார்ச்சை எடுத்துக்கொண்டு பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் அடியுங்கள். மங்கல் கண்ணின் மேல் தோலில் இருக்கிறதா, உள்ளே இருக்கிற உருண்டையில் இருக்கிறதா என்று தெரியும். மேலே இருந்தால் கருவிழிப் படலத்தில் கீறல், கிருமி, அல்லது ஒட்டுண்ணி. உள்ளே பாப்பா நடுவில் வெள்ளை முத்து மாதிரி தெரிந்தால் அது புரை. மீனின் லென்ஸ் நம்முடையது மாதிரி தட்டை இல்லை, கோலிக்குண்டு போல உருண்டை. புரைக்கு எந்தச் சொட்டு மருந்தும் கிடையாது. தீனியில் குறை இருந்தால்கூட அது வரும். 1990களில் பண்ணை சால்மன் மீன்களுக்குப் புரை அதிகமானபோது, தீனியில் ஹிஸ்டிடின் என்ற சத்து குறைந்தது ஒரு காரணம் என்று கண்டுபிடித்தார்கள். ரத்தத் தூளைத் தீனியிலிருந்து நீக்கியதில் அந்தச் சத்தும் கூடவே போயிருந்தது.

கீறலைப் பார்க்க ஒரு வழி உண்டு. பல வருடம் முன்பு கம்பத்தில் வேலை செய்யும்போது என் கண்ணில் துரும்பு தெறித்தது. கண் டாக்டர் ஆரஞ்சு நிறக் காகிதத்துண்டு ஒன்றைக் கண்ணில் தொட்டு, நீல விளக்கில் பார்த்தார். கீறல் இருந்த இடம் பச்சையாக மின்னியதாம். மீன் வைத்தியர்களும் அதே சாயத்தைத்தான் மீன் கண்ணில் விடுகிறார்கள். மீனுக்கும் நமக்கும் ஒரே சோதனை என்று படித்தபோது ஏனோ சந்தோஷமாக இருந்தது. நமக்காவது இமை உண்டு, மூடிக்கொள்ளலாம். மீனுக்கு அதுவும் இல்லை.

இரண்டு கண்ணும் மங்கி, மீன் பாறையில் உடம்பைத் தேய்த்தால் தட்டைப்புழுவைச் சந்தேகியுங்கள். மீன் மேல் ஒட்டியிருக்கும்போது அது கண்ணாடி மாதிரி, கண்ணுக்கே தெரியாது. நன்னீரில் மீனை ஐந்து நிமிடம் விட்டால் வெளுத்து, எள் மாதிரி உதிரும். ஆனால் அந்த நன்னீர் குளோரின் இல்லாமல், தொட்டியின் அதே வெப்பத்தில், ஆப்ப சோடா போட்டு அதே பி.எச்.சுக்குக் கொண்டுவந்து, காற்றுக்குழாய் போட்டதாக இருக்க வேண்டும். கூடவே நின்று பார்க்க வேண்டும். மீன் தடுமாறி விழுந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். உதிர்வது மீன் மேல் இருந்த புழுதான், முட்டைகள் தொட்டியில் நூல் மாதிரி சிக்கிக்கொண்டு காத்திருக்கும். அதற்குப் பிராசிக்வாண்டல் என்ற மருந்து, ஒரு தடவைக்கு மேல்.

கண்ணுக்குள் காற்றுக் குமிழி தெரிந்தால் மருந்தே வேண்டாம், பம்பைப் பாருங்கள். தண்ணீரை இழுக்கும் பக்கத்துக் குழாயில் சிறு விரிசல் இருந்தாலும் காற்றை உறிஞ்சி, அழுத்தத்தில் தண்ணீரில் கரைத்துவிடும். சோடா பாட்டில் கதைதான். அந்தக் காற்று மீனின் உடம்பில், கண்ணுக்குப் பின்னால் குமிழியாக வெளிவரும். ஊசியால் குத்திக் காற்றை எடுக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கண்ணில் ஊசி வைப்பது படித்தவர்கள் வேலை.

பேதி உப்பு போட்டால் வீக்கம் வடியும் என்றும் ஒரு யோசனை உண்டு. நம் அம்மாக்கள் மாதம் ஒரு முறை கொடுத்தார்களே, அதே உப்பு. போடுகிறவர்கள் போடட்டும். கடல் நீரில் லிட்டருக்கு 1,300 மில்லிகிராம் பக்கம் மெக்னீசியம் ஏற்கெனவே இருக்கிறது, இன்னும் ஒரு ஸ்பூனில் எவ்வளவு பலன் என்று எனக்குச் சந்தேகம்தான்.

இதையெல்லாம் நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, "சும்மா இருக்கச் சொல்றீங்க, அதுக்குப் பேரு சோம்பேறித்தனம் சார்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. தண்ணீர் சரியாக இருந்தும் இரண்டு கண்ணும் புடைத்து, மீன் தீனி எடுக்காமல், மூச்சு வாங்கி, துடுப்படியில் சிவந்திருந்தால் அது விப்ரியோ மாதிரி கிருமி உடம்பெங்கும் பரவிய அறிகுறியாக இருக்கலாம். அப்போது ஒரு நாள் தாமதமும் கூடாது. தனித் தொட்டிக்கு மாற்றி, மீன் வைத்தியம் தெரிந்த ஒரு கால்நடை மருத்துவரைக் கேட்டு, முடிந்தால் தீனியில் கலந்து மருந்து கொடுக்க வேண்டும். நான் சண்டை போடுவது மருந்தோடு இல்லை. பார்க்காமல், எண்ணாமல், மொத்தத் தொட்டியிலும் கொட்டுகிறோமே, அதோடுதான்.

40 லிட்டர் தொட்டி ஒன்று, சின்ன வடிகட்டி, ஹீட்டர், மறைந்துகொள்ள ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டு. எல்லாம் சேர்த்தாலும் நான் சாகடித்த கோமாளி ஜோடியின் விலையை ஒட்டித்தான் வரும். இப்போது எங்கள் வீட்டு பால்கனியில் தயாராக இருக்கிறது. என் மனைவி அதற்கு ஐ.சி.யு. என்று பெயர் வைத்திருக்கிறாள். துணி காயப் போட இடைஞ்சல் என்று வாரம் ஒரு முறை சண்டையும் உண்டு.

அந்த நான்காம் நாளுக்குப் பிறகு டோரிக்கு நான் செய்ததெல்லாம் தண்ணீர் மாற்றியது மட்டும்தான். முதல் மூன்று நாள் தினமும் பாதித் தண்ணீர், பிறகு வாரம் இரண்டு முறை. தாமிரத்தை இழுக்க கரித்தூள் வைத்தேன். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது. பார்வை வரவில்லை, இடது கண் வெள்ளையாகவே நின்றுவிட்டது.

கனடாவில் வான்கூவர் அக்வேரியத்தில் கண் போன மீனுக்குச் செயற்கைக் கண் பொருத்தினார்களாம், மற்ற மீன்கள் குருட்டுப் பக்கம் பார்த்துத் தாக்காமல் இருக்க. பேத்தியிடம் சொன்னேன், நமக்கும் ஒன்று வாங்கலாமா தாத்தா என்றாள். டோரியைத் தாக்கத் தொட்டியில் வேறு மீன் இல்லை என்று நான் சொல்லவில்லை. காய்ந்த கடற்பாசித் துண்டை இப்போது வலது பக்கக் கண்ணாடியில்தான் மாட்டுகிறேன். இடது பக்கம் மாட்டினால் சுற்றிவரக் கொஞ்சம் நேரம் எடுக்கிறது.