கேட்கத் துணிவோம், முறையறிந்து கேட்போம்

"பெரியவர்கள் வகுத்த விதியைக் கேள்வி கேட்க நீ யார்?" இச்சொற்களைக் கேட்டே வளர்ந்த தலைமுறை நம் தோட்டங்களில் உண்டு. துரைக்கும் கிராணிக்கும் அஞ்சி, வாய்மூடி வாழ்ந்த காலத்தின் எச்சம் அது. இன்றைய மாணவரோ, "இவ்விதியை மாற்ற இயலாதா?" என ஆர்வத்தோடு வினவுகின்றனர். அவ்வார்வத்தை அடக்குவது முறையன்று என்பதே நமது கருத்து.

இதற்கு நம் மலேசியத் திருநாட்டிலேயே நற்சான்று உண்டு. முன்பு வாக்களிக்கும் வயது 21 ஆக இருந்தது. அதனை 18 ஆகக் குறைக்க வேண்டுமென்று மாணவர்களும் இளைஞர்களும் குரல் கொடுத்தனர். 2019 ஜூலை 16ஆம் நாள், நாடாளுமன்ற மக்களவை அதற்கான அரசியலமைப்புத் திருத்தத்தை 211 வாக்குகளுடன், எதிர்ப்பின்றி நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வரத் தாமதமானபோது, இளைஞர்கள் சோர்ந்துவிடவில்லை; நீதிமன்றத்தை நாடினர். அவ்வாண்டு இறுதிக்குள் நடைமுறைப்படுத்துமாறு கூச்சிங் உயர் நீதிமன்றம் 2021 செப்டம்பரில் ஆணையிட்டது. டிசம்பர் 15ஆம் நாள் புதிய விதி நடப்புக்கு வந்தது. 2022 நவம்பர் 19ஆம் நாள் நடந்த பொதுத்தேர்தலில் 18 வயதினரும் வாக்களித்தனர். தோட்டப்புறத்துப் பிள்ளைகளுக்கும் அவ்வுரிமை கிட்டியது.

அவ்விளைஞர்கள் ஆர்வத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. விதியை மாற்றும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதை அறிந்தனர், காரணங்களை எடுத்துரைத்தனர், பொறுமை காத்தனர். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் அன்றோ?

மாணவச் செல்வங்களே! ஓய்வு வேளையில் நூலகம் பூட்டியிருப்பது உங்களுக்குக் குறையாகத் தோன்றலாம். உடனே முணுமுணுக்காதீர்கள். ஏன் பூட்டுகின்றனர் என்று முதலில் ஆசிரியரிடம் பணிவோடு கேளுங்கள். மேற்பார்வைக்கு ஆளில்லை என்றால், "நாங்கள் முறைவைத்துப் பார்த்துக் கொள்கிறோம், ஐயா" என்று பொறுப்பை ஏற்க முன்வாருங்கள். உரிமை கேட்பவர் கடமைக்கும் தோள் கொடுக்க வேண்டும்.

பெற்றோர்களே! பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் களைத்து வரும் வேளையில், பிள்ளையின் கேள்வி தொல்லையாகத் தோன்றலாம். எனினும், "வாயை மூடு" என்னாதீர்கள், காரணத்தைக் கூறுங்கள். நல்ல விதியாயின், பிள்ளை மனமுவந்து அதற்குக் கட்டுப்படும். தவறான விதியாயின், அதனை நாமும் உணர்வோம். வீட்டில் அஞ்சாது பேசப் பழகும் பிள்ளையே நாளை வேலையிடத்திலும் பொது அவையிலும் தன் நியாயத்தை எடுத்துரைக்கும்.

கேட்கத் தெரிந்த தலைமுறையை உருவாக்குவோம்!