கடலுக்கடியில் தொடங்கிய மலை



கொல்கத்தா போனால் அலிப்பூர் தேசிய நூலகத்தை எட்டிப் பார்க்காமல் நான் திரும்புவதில்லை. தமிழறிஞர் வையாபுரிப் பிள்ளை சேர்த்த புத்தகங்கள் அங்கேதான் இருக்கின்றன. இந்த முறை அவற்றைத் தேடிப் போனவன், எஃப்.ஆர். மாலெட் எழுதி இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 1885-இல் வெளியிட்ட நூலில் ஆழ்ந்துபோனேன். வங்கக் கடலின் பாரன், நார்கொண்டம் எரிமலைகளைப் பற்றியது அது.

போர்ட் பிளேரிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது பாரன் தீவு. கடல் மட்டத்துக்கு மேலே தெரிவது 350 மீட்டர்தான். அடியில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் மலை இறங்குகிறது. மாலெட் சரிவுகளையும் கரையோர வெந்நீர் ஊற்றையும் அத்தனை பொறுமையாக விவரிக்கிறார். மலைக்கு வயது என்ன என்று கேட்டால் அவரால் சொல்லியிருக்க முடியாது. கதிரியக்கம் கண்டறியப்பட்டதே 1896-இல்தானே.

எரிமலைப் பாறைக்குக் கதிரியக்கத்தை வைத்து வயது கணிக்கும் ஒரு வழி இது: குழம்பு கொதிக்கும்போது அதிலுள்ள ஆர்கான் வாயு வெளியேறிவிடும். இறுகிய பிறகு, பாறையிலுள்ள கதிரியக்கப் பொட்டாசியம் மெல்லச் சிதைந்து புதிதாக ஆர்கானை உண்டாக்கும். சேர்ந்திருக்கும் அளவை அளந்தால் வயது தெரியும். ஆனால் கடலடியில் கக்கிய குழம்பு நீர் பட்டதும் சட்டென்று உறைந்துவிடும். மேலே அழுத்தும் நீரின் பாரத்தில் பழைய ஆர்கானும் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். பாறை தன் வயதைக் கூட்டிக் காட்டும்.

அதனால், நீருக்கு மேலே பாய்ந்து இறுகிய பாறைகளை நம் விஞ்ஞானிகள் எடுத்துக்கொண்டார்கள். 2015-இல் வெளியான அவர்களது ஆய்வில் மிகப் பழைய பாறையின் வயது சுமார் 15.8 லட்சம் ஆண்டு. அப்படியென்றால் நீருக்குள் கிடக்கும் அடிமலை அதற்கும் மூத்தது. என்னை உலுக்கியது இன்னொரு சேதி. அதே தீவின் எரிமலைக் குழம்பில் கலந்துவந்த சில ஃபெல்ட்ஸ்பார் படிகங்களின் வயது சுமார் 10.6 கோடி ஆண்டு! மேலேறும் வழியில் ஆழத்துப் பாறையிலிருந்து குழம்பு பெயர்த்துக்கொண்டு வந்தவை அவை. யாரும் இறங்க முடியாத ஆழத்தின் கதை, கையகலக் கல்லுக்குள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குப் பிறகு அடங்கிக் கிடந்த அந்த மலை 1991-இல் மறுபடி கக்கத் தொடங்கியது. அந்த நாட்களில் அந்தப் பக்கம் கப்பலில் போனவர்கள், படகோட்டியவர்கள் நம் அந்தமான் வாசகர்களிடையே நிச்சயம் இருப்பீர்கள். கண்டதை அப்படியே எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்