தாத்தா சொல்லும் வேண்டும், வெப்பமானி சொல்லும் வேண்டும்

தோட்டப் பாட்டாளி மக்களே!

பருவநிலை மாற்றம் என்றால் நம் பிள்ளைகள் துருவத்துப் பனியைப் பற்றிச் சொல்கிறார்கள். நல்லதுதான். ஆனால் 2021 டிசம்பரில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டுக்குள் வெள்ளம் ஏறியதே, அதுவும் அந்தப் பாடம்தானே? காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைச் சுமக்கும், சுமந்ததை ஒரே மூச்சில் கொட்டும் என்று அறிவியல் சொல்கிறது. இதை நம் ஊரை வைத்தே சொல்லிக் கொடுத்தால் என்ன?

நம்மிடம் இருக்கும் அறிவையும் சேர்த்தே சொல்லிக் கொடுக்க வேண்டும் என்கிறோம். பால் வெட்டிய பெரியவர் ஒருவரைக் கேளுங்கள். "விடியுமுன்ன வெட்டணும், வெயில் ஏறிட்டா பால் இறங்காது" என்பார். விஞ்ஞானி அதற்குக் காரணம் சொல்கிறார்: இரவில் மரம் நீரை அதிகம் இழப்பதில்லை, பால்குழாய்களில் அழுத்தம் கூடியிருக்கிறது, வெயில் ஏறினால் இலை வழியே நீர் போய் அழுத்தம் குறைகிறது. சொன்னவர்கள் இரண்டு பேர், உண்மை ஒன்று. ஆனால் ஒன்றுக்குப் பெயர் அறிவியல், மற்றொன்றுக்குப் பெயர் கூலிக்காரன் பேச்சு! இந்த ஓரவஞ்சனை ஒழிய வேண்டும்.

நமக்கு முன்பே இம்மண்ணில் வாழ்பவர்கள் பூர்வகுடி மக்கள். கிள்ளானுக்குத் தெற்கே, கோல லங்காட் வட்டாரத்துச் சதுப்புக் காட்டோரம் தெமுவான் மக்கள் வாழ்கிறார்கள். 2020இல் அந்தக் காட்டில் சுமார் 930 ஹெக்டரைப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நீக்கத் திட்டம் வந்தது. "மருந்தும் உணவும் தரும் காடு, தொடாதீர்கள்" என்றனர் தெமுவான் மக்கள். அங்குள்ளது காம்புட் மண். வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் காய்ந்து, மண்ணுக்கடியிலேயே தீப்பிடித்துப் புகையும், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்த கரி காற்றில் கலக்கும் என்றனர் அறிஞர்கள். இரண்டு குரலும் சேர்ந்தன. 2021இல் 536 ஹெக்டருக்கு மேல் நீக்கப்பட்ட செய்தி வெளிவந்ததும் எதிர்ப்பு வலுத்தது; அதே செப்டம்பரில் சிலாங்கூர் அரசு அந்த முடிவைக் கைவிட்டது.

புகைமூட்டம் நமக்குப் புதிதா? 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானில் அவசரநிலையே அறிவித்தார்களே! அது சுமத்ராவில் எரிந்த காட்டின் புகை. காம்புட் மண் எரிந்தால் என்ன ஆகும் என்று நம் நெஞ்சுக்கூட்டுக்கே தெரியும்.

"பழையவர்கள் சொன்னதே போதும், கருவி எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். போதாது ஐயா! மழைக்காலம் தடம் மாறினால் பழைய கணக்கு தப்பும். அதோடு, "வெயில் தாங்கலை" என்று நாம் சொன்னால் நிர்வாகம் சோம்பேறி என்கும். தொடர்ந்து மூன்று நாள் 35 டிகிரியைத் தொட்டால் வானிலைத் துறையே எச்சரிக்கை விடுகிறது. அந்தக் கணக்கு நோட்டில் இருந்தால் யாரால் மறுக்க முடியும்? வேர்வை சொல்வதை வெப்பமானி எழுதி வைக்கட்டும்.

ஆகவே நாம் கேட்பது மூன்று. தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் ஆசிரியர் பக்கத்தில் ஓய்வுபெற்ற பால்வெட்டுக்காரரையும் பூர்வகுடிப் பெரியவரையும் உட்கார வைத்துப் பாடம் நடத்துங்கள். வந்தவர்களுக்கு அன்றைய கூலியைக் கொடுங்கள். ஒவ்வொரு பள்ளித் திடலிலும் மழைமானியும் வெப்பமானியும் வையுங்கள், பிள்ளைகள் தினமும் குறிக்கட்டும். எச்சரிக்கை நாள்களில் செம்பனைத் தோட்ட வேலையை நேரத்தோடு தொடங்கி நேரத்தோடு முடியுங்கள். கூலியில் கை வைக்காதீர்கள்.

பெற்றோர்களே, அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் முதல் இரண்டையும் நீங்கள் எழுப்புங்கள். மூன்றாவதை நிர்வாகத்தோடு பேசுவது தொழிற்சங்கத்தின் வேலை. பிள்ளைகள் குறித்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பேசுவோம்.