நாய், பூனையின் கண்ணுக்குக் கீழே சிவப்புக் கோடா? சொட்டு மருந்தைத் தொடும் முன் ஒரு நிமிடம்

போன வாரம் சுகர் செக்கப்புக்கு வந்த அக்கா ஒருவர், மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது போனை நீட்டினார். திரையில் வெள்ளை பொமரேனியன். இரண்டு கண்ணின் ஓரத்திலிருந்தும் மூக்கு வரை துரு பிடித்தாற்போல் ஒரு கோடு.

"சார், எனக்குக் கண்ணு சிவந்தப்போ எழுதிக் கொடுத்தீங்களே, அந்த சொட்டு மருந்து மீதி இருக்கு. இதுக்குப் போடலாமா?"

"வேண்டவே வேண்டாம்க்கா" என்றேன். சொன்ன வேகத்தில் அவரே கொஞ்சம் பயந்துவிட்டார்.

காரணம் இருக்கிறது. அந்தத் தவறை நானே செய்திருக்கிறேன்.

எங்கள் வீட்டு ஷிட்சூவுக்கு ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிந்து கறை படிந்தது. மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கிறோம், நாய்க்குத் தெரியாதா என்ற நினைப்பு. வீட்டில் இருந்த சொட்டு மருந்தைப் போட்டேன். அதில் ஆன்டிபயாடிக்குடன் ஸ்டீராய்டும் இருந்தது. இரண்டாம் நாள் அவனால் கண்ணையே திறக்க முடியவில்லை.

கால்நடை மருத்துவர் கண்ணில் ஆரஞ்சு நிறச் சாயம் விட்டு, நீல விளக்கில் காட்டினார். கருவிழியில் ஒரு புள்ளி பச்சையாக மின்னியது. புண்! இமையின் உட்பக்கம் தவறாக முளைத்த ஒரு முடி உரசி உரசி வந்த புண். புண் இருக்கும் கண்ணில் ஸ்டீராய்டு விட்டால் அது ஆறாது, இன்னும் ஆழமாகும். கருவிழியில் ஓட்டையே விழலாம்.

நல்லவேளை, கண் பிழைத்தது. சின்ன வெள்ளைத் தழும்பு மட்டும் இன்றும் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குறுகுறுக்கும்.

சரி, இந்தக் கறை எதனால் வருகிறது?

கண்ணீரில் போர்ஃபைரின் என்ற நிறமி இருக்கிறது. இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும்போது உருவாகும் பொருள். எச்சிலிலும் உண்டு. முடியில் படிந்து வெளிச்சம் படப்பட செம்பழுப்பாக மாறும். கறுப்பு நாய்க்கும் இது வரும், வெள்ளை நாய்க்குத்தான் பளிச்சென்று தெரியும். ஆக, கறை என்பது அழுக்கு அல்ல.

நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். கண்ணீர் ஏன் வெளியே வழிகிறது?

இயல்பாகக் கண்ணீர், கண்ணின் மூக்கோர மூலையில் உள்ள சிறு துளை வழியாக மூக்குக்குள் இறங்கிவிடும். அந்தக் குழாய் அடைத்தாலோ, பிறவியிலேயே துளை சரியாக இல்லாவிட்டாலோ வெளியே வழியும். ஷிட்சூ, பக், பெர்சியன் பூனை போன்ற தட்டை முகங்களில் குழாய் வளைந்து நெளிந்து போவதால் வடிகால் சரியாக இருக்காது. முகம் அழகாக இருக்கிறது என்று நாம் விரும்பி வளர்க்கும் இனங்களுக்கு அந்த முகமே தொல்லை.

இன்னொரு வகை, கண்ணீர் அதிகமாகச் சுரப்பது. இமை உள்பக்கம் மடங்குவது, முடி உரசுவது, தூசி, ஒவ்வாமை, கருவிழிப் புண், கண் அழுத்தம் எல்லாம் இதில் வரும். பூனைக்கு நீர் வடிவதோடு தும்மலும் இருந்தால் ஹெர்பிஸ் வைரஸ் தொற்றாக இருக்கலாம். அதற்கும் ஸ்டீராய்டு சொட்டு ஆகாது.

உடனே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டிய அறிகுறிகள்:

• ஒரு கண்ணில் மட்டும் திடீரென நீர் வடிதல்
• கண்ணைச் சுருக்குதல், காலால் தேய்த்தல்
• சிவப்பு, மஞ்சள் அல்லது பச்சைப் பீளை
• கருவிழி நீலமாக, மங்கலாகத் தெரிதல்
• கறை படிந்த இடத்தில் நாற்றம், தோல் புண்

இதெல்லாம் இல்லை, கண்ணைக் காட்டியாச்சு, வெறும் கறைதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டாரா? அப்படியானால் பராமரிப்பு ரொம்ப எளிது.

கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்து, காலை மாலை கண்ணின் ஓரத்தைத் துடைங்க. ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. பிறகு காய்ந்த துணியால் ஒற்றி எடுங்க. ஈரம் நின்றால்தான் ஈஸ்ட் வளரும், நாற்றம் வரும். கண்ணில் குத்தும் முடியை, பழகிய ஆளிடம் கொடுத்து வெட்டுங்க. ஏற்கெனவே படிந்த கறை ஒரே நாளில் போகாது. புது முடி வளரும்போதுதான் மறையும். ஹைட்ரஜன் பெராக்சைடு, ப்ளீச் எதையும் கண் பக்கம் கொண்டுபோகாதீங்க.

கடைசியாக, சாப்பாட்டில் கலக்கும் கறை நீக்கிப் பவுடர்கள். சிலவற்றில் டைலோசின் என்ற ஆன்டிபயாடிக் இருந்தது. அனுமதி பெறாமல் விற்றதற்காக 2014-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பியது. டைலோசின், நாம் சாப்பிடும் அசித்ரோமைசினின் குடும்பத்தைச் சேர்ந்தது. நோயே இல்லாத நாய்க்கு, முகம் வெள்ளையாகத் தெரிய மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக்! நிறுத்தினால் கறை திரும்பி வரும். மருந்துக்கு அடங்காத கிருமிகள் அதே வீட்டில்தான் வளரும், நாயோடு கட்டிப் புரளும் குழந்தைகளும் அங்கேதான் இருக்கிறார்கள். மனிதர்களுக்கு மருத்துவம் பார்ப்பவனாக இதில் எனக்குக் கடுமையான எதிர்ப்பு உண்டு. பாக்கெட்டில் என்ன கலந்திருக்கிறது என்று படிக்காமல் வாங்காதீங்க.

அந்த அக்கா அன்று மாலையே அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். இமை முடி உரசுகிறதாம், புண் வரவில்லை. "நல்லவேளை சார், கேட்டுட்டுப் போட்டேன்"னு போனில் சொன்னார். போடவே இல்லைங்கிறதுதான் அதுக்கு அர்த்தம்!

உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியில் திறந்து ஒரு மாதம் தாண்டிய கண் சொட்டு மருந்து இருந்தால் இன்றே தூக்கிப் போடுங்க. அது நாய்க்கும் வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம்.