எழுத்தும் ஈகையும்

பழந்தமிழ் நூல்கள் நம் கைக்கு வந்து சேர்ந்த வரலாற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பனையோலை நெடுங்காலம் நிலைப்பதன்று. கறையான் அதனை அரிக்கும். ஆண்டுகள் செல்லச் செல்லத் தானே நொறுங்கும். ஆயினும் நூல்கள் பல அழியாமல் நின்றன. ஓர் ஏடு பழுதாகுமுன் அதனைப் பார்த்து மற்றோர் ஏடு எழுதினார் இருந்தமையே அதற்குக் காரணம் என்க. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். அதற்கு அவர் தேடித் தொகுத்த ஏடுகள், பெயரறியாப் பலர் எழுதி வைத்த படிகளே அல்லவோ? படியெடுப்பார் உள்ள நூலே பிழைக்கும்.

அச்சுப்பொறி வந்தபின், ஒருவர் உழைப்பைப் பிறர் கவர்ந்து பொருளீட்டுதல் எளிதாயிற்று. அதனைத் தடுக்கவே பதிப்புரிமைச் சட்டங்கள் எழுந்தன. நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் உள்ளது. ஒருவர் நூலொன்றை எழுதிய அளவிலேயே உரிமை அவரைச் சேர்கின்றது. பதிவு செய்தல் கட்டாயமன்று. அவர் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்தபின் 60 ஆண்டுகளும் அவ்வுரிமை நிலைக்கும். எழுதிப் பிழைப்பார்க்கு இஃது ஒரு வேலி. வேலி வேண்டுவதே.

ஆயினும் அவ்வேலிக்கு ஒரு குறை உண்டு. ஆசிரியர் ஈய விரும்புகின்றாரா, இல்லையா என்று அது கேட்பதில்லை. 25-ஆம் வயதில் நூல் எழுதிய ஒருவர் 80-ஆம் வயதில் மறைந்தால், அந்நூல் ஏறத்தாழ 115 ஆண்டுகள் வேலிக்குள் இருக்கும். அதற்குள் பதிப்பகம் மூடப்படலாம். உரிமையுடையார் எங்கு வாழ்கின்றார் என்பதே தெரியாமற் போகலாம். அப்பொழுது நூலை அச்சிடுவாரும் இரார். படியெடுக்க முன்வருவாரும் அஞ்சுவர். ஏட்டைக் கறையான் அழித்தது. இந்நூலையோ ஆசிரியரின் மௌனம் அழிக்கின்றது.

பாரதியார் 1921-ஆம் ஆண்டு மறைந்தார். அவர் நூல்களின் உரிமையைச் சென்னை மாகாண அரசு 1949-ஆம் ஆண்டு பெற்றது. பின்னர் அவற்றை மக்களுக்குப் பொதுவாக்கியது. இன்று அவர் பாடலை எவரும் அச்சிடலாம். எவரும் இசையமைத்துப் பாடலாம். இது நற்செயலே. எனினும் கவிஞர் மறைந்து 28 ஆண்டுகள் கழிந்த பின்னரே இது நிகழ்ந்தது. தமிழறிஞர் பலரின் நூல்களையும் அரசு இவ்வாறே நாட்டுடைமையாக்கியுள்ளது. ஆனால் எத்தனை நூல்களுக்குத்தான் அரசு இவ்வாறு செய்ய இயலும்?

அரசு வருமளவும் காத்திராமல், ஆசிரியர் தாமே தம் வாழ்நாளில் ஈதற்கு இன்று வழியுண்டு. 2001-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தோன்றிய 'கிரியேட்டிவ் காமன்ஸ்' என்னும் அமைப்பு, பொது உரிமங்கள் சிலவற்றை வகுத்து 2002-ஆம் ஆண்டு வெளியிட்டது. தம் படைப்பில் அவ்வுரிமங்களுள் ஒன்றைக் குறித்துவிட்டால் போதும். உலகில் எவரும் தனியே இசைவு கேளாமல் அதனைப் படியெடுக்கலாம். ஆசிரியர் விரும்பும் வரம்புகளையும் இட்டுக்கொள்ளலாம். தம் பெயரைச் சுட்டுதல், வணிகத்திற்குப் பயன்படுத்தாமை, மாற்றம் செய்யாமை, மாற்றினால் அதனையும் அவ்வாறே பிறர்க்கு அளித்தல் என்பன அவ்வரம்புகள். 2003 முதல் வளர்ந்துவரும் தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகள், பெயர் சுட்டலும் அவ்வாறே பகிர்தலும் என்னும் இரண்டு வரம்புகளோடு எவர்க்கும் உரியனவாய் உள்ளன.

"இவ்வாறு எல்லாவற்றையும் ஈந்துவிட்டால் எழுத்தாளர் உண்பது எங்ஙனம்?" என்று சிலர் வினவுவர். வினா தக்கதே. எல்லாவற்றையும் ஈய வேண்டும் என்று எவரும் கட்டளையிடவில்லை. விற்பனையால் வாழ்வளிக்கும் நூலை ஆசிரியர் தமக்கென வைத்துக்கொள்ளட்டும். அச்சு நின்று, வருவாயும் நின்ற நூலை அடைத்து வைப்பதால் அவர்க்கும் பயனில்லை, பிறர்க்கும் பயனில்லை. அதனையேனும் ஈதல் நன்று என்பது என் துணிபு. ஒன்று மட்டும் நினைவிற்கொள்ளல் வேண்டும்: இவ்வுரிமத்தின்படி ஒருமுறை பெற்றவரிடமிருந்து அதனைத் திரும்பப் பெறுதல் இயலாது. ஆதலின் எண்ணிப் பார்த்தே ஈதல் வேண்டும்.

கொள்வார்க்கும் கடமை உண்டு. இணையத்தில் கண்ணுக்குத் தெரிவன யாவும் பொதுப்பொருள் ஆகா. உரியவர் இசைவின்றி நூலைப் படியெடுத்துப் பரப்புவது ஈகையன்று. பிறர் பொருளைத் தனதென ஈயும் களவே ஆகும். பொதுவாக அளிக்கப்பெற்ற படைப்பிலும் ஆசிரியர் பெயரை மறைப்பது நன்றி கொன்ற செயல். பொருள் வேண்டாதார் பலர் உலகில் உண்டு. ஆனால் தாம் பெற்ற பிள்ளைக்குப் பிறர் பெயரிடுவதைப் பொறுப்பார் எவர்?

மாணவர்களே! நீங்களும் நாளை கட்டுரை வரைவீர்கள், படம் தீட்டுவீர்கள், பாடல் புனைவீர்கள். அவற்றை ஈய விரும்பினால், விருப்பத்தை நெஞ்சில் மட்டும் வைத்திராதீர்கள். உங்கள் பெயரையும் ஆண்டையும் எழுதி, அதன்கீழ்ப் பிறர் எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதை ஒரு வரியில் தெளிவாகக் குறியுங்கள். அவ்வொரு வரி, நீங்கள் அறியாத ஒருவர் அச்சமின்றி உங்கள் படைப்பைப் படியெடுக்க இடமளிக்கும்.