நம்ம கடற்கரையிலேயே மணல் இருக்கு… மின் ஸ்கூட்டர் காந்தத்துக்கு ஏன் சீனாவை நம்பணும்?

2025 ஏப்ரல் 4. டிஸ்புரோசியம், டெர்பியம், சமாரியம் உள்ளிட்ட 7 அரிய மண் தனிமங்களையும், அவை கலந்த காந்தங்களையும் ஏற்றுமதி செய்ய இனி லைசென்ஸ் வேண்டும் என்று சீனா அறிவித்தது. அடுத்த சில வாரங்களிலேயே இந்திய மின்வாகன நிறுவனங்கள் கையிருப்பில் எத்தனை காந்தம் இருக்கு என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்தன.

'கன்னியாகுமரி மணல்லயே இது கிடைக்குதே?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மணவாளக்குறிச்சியில் பொதுத்துறை நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். கடற்கரை மணலில் இருந்து மோனசைட்டைப் பிரிக்கிறது. அதில் நியோடைமியம் இருக்கிறது. ஆனால் மணல் வேறு, காந்தம் வேறு.

மோட்டாரில் இருப்பது நியோடைமியம், இரும்பு, போரான் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருள். 1982-ல் ஜப்பானில் மசாட்டோ சகாவா உருவாக்கியது. 2 நியோடைமியம் அணுவுக்கு 14 இரும்பு, 1 போரான். இதில் காந்த சக்தியின் பெரும்பகுதி இரும்பில் இருந்துதான் வருகிறது! அந்த சக்தி திசை மாறாமல் இறுக்கிப் பிடிப்பதுதான் நியோடைமியத்தின் வேலை.

செய்முறை லேசுப்பட்டது அல்ல. உலோகங்களை உருக்கி, சில மைக்ரான் அளவுக்குப் பொடியாக்க வேண்டும். காற்றுப் பட்டால் அந்தப் பொடி தீப்பிடிக்கும். பிறகு காந்தப் புலத்துக்குள் வைத்து, துகள்கள் எல்லாம் ஒரே திசையில் நிற்கும்படி அழுத்தி, 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டெடுக்க வேண்டும்.

அதோடு முடியவில்லை. சுமார் 310 டிகிரியில் இந்தக் காந்தம் முழுசாகச் செத்துவிடும். அதற்கு ரொம்ப முன்னாடியே, மோட்டார் சூட்டிலேயே பிடி தளர ஆரம்பிக்கும். அதைத் தடுக்கத்தான் நியோடைமியத்தில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு டிஸ்புரோசியம் சேர்க்கிறார்கள். சிக்கல் இங்கேதான். நம் மோனசைட்டில் டிஸ்புரோசியம் மிகக் குறைவு.

2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை ₹7,280 கோடி திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் இலக்கு. தேவையான திட்டம்தான், ஆனால் ஆலை வந்தாலும் டிஸ்புரோசியத்துக்கு வெளிநாட்டைத்தான் பார்க்கணும். அதனால்தான் காந்தம் முழுக்கக் கலக்காமல், துகள்களின் ஓரத்தில் மட்டும் டிஸ்புரோசியத்தை ஊடுருவ வைக்கும் முறையும், ஃபெரைட் காந்த மோட்டார்களும் இப்போது முக்கியமாகின்றன.

இன்னொரு பக்கம், கிள்ளியூர் வட்டத்தில் புதிதாக மணல் எடுக்கும் திட்டத்தை மீனவ கிராமங்கள் எதிர்க்கின்றன. மோனசைட்டில் கதிரியக்கத் தோரியமும் இருக்கிறது என்பதால் அந்தப் பயத்தை ஒதுக்கிவிட முடியாது. 'நாட்டுக்குக் காந்தம் வேணும்' என்று அவர்களிடம் சொல்பவர்கள், அந்த மணலில் டிஸ்புரோசியம் எவ்வளவு கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.