கல்லும் கண்ணும்

ஒரு கட்டடத்தின் நீளத்தை அளப்பர், அகலத்தை அளப்பர், உயரத்தையும் அளப்பர். அதனைக் காண்பவர் எவ்விடத்து நின்று காணுதல் வேண்டும் என்பதனை அளப்பவர் சிலரே. நம் நாட்டுப் பண்டைச் சிற்பியர் அதனையும் அளந்தே கல்லை நாட்டினர் என்பது என் கருத்து. சேலம், நாமக்கல் சமவெளியில் வழிநடந்தவர்க்கு இது நன்கு விளங்கும்.

சேலத்துக்கு மேற்கே, ஓமலூருக்கு அணித்தாக உள்ளது தாரமங்கலம். அங்குள்ள கயிலாசநாதர் கோயில், கெட்டி முதலியார் மரபினர் 17-ஆம் நூற்றாண்டில் விரிவுற எடுப்பித்த திருப்பணியாகும். மேற்கு நோக்கிய கோயில் அது. அதன் மண்டபத்தூண்களில் உள்ள யாளிகளின் வாயில் ஒரு கல் உருண்டை கிடக்கிறது. விரலால் உருட்டினால் உருளும். வெளியே எடுக்கவோ முடியாது. காணவருவோர் பெரும்பாலும் அவ்வுருண்டையை உருட்டி வியந்து மீள்வர். வியக்கத்தக்கதே அது. ஆயினும் அக்கோயிலின் பெருமை அவ்வுருண்டையோடு முடிந்துவிடுவதில்லை.

அங்கே ஒரு தூணில் இராமபிரான் வில்லேந்தி நிற்கின்றார். மற்றொரு தூணில் வாலியும் சுக்கிரீவனும் பொருகின்றனர். இராமன் நிற்கும் இடத்தில் நின்று நோக்குங்கள்: வாலி தெளிவாகத் தெரிகின்றான். பின்னர் வாலி நிற்கும் இடத்திற்குச் சென்று திரும்பி நோக்குங்கள்: இராமனைக் காண இயலாது, இடையே நிற்கும் தூண்கள் மறைத்துவிடுகின்றன! மறைந்து நின்று அம்பெய்த கதையைச் சொல்லவந்த சிற்பி, அம்மறைவைக் கல்லில் செதுக்கவில்லை. இரண்டு தூண்களுக்கு இடையே உள்ள வெளியில் அமைத்தான். உளி படாத அவ்வெளியும் அவன் படைத்த சிற்பமே அன்றோ?

இதனை நிழற்படம் எடுத்துக் காட்ட முடியாது. இராமன் ஒரு படத்திலும் வாலி மற்றொரு படத்திலும் அடங்குவர். இருவர்க்கும் இடையிலுள்ள மறைவு எப்படத்திலும் அடங்காது. காண்பவன் தன் காலால் நடந்து, இங்கும் அங்கும் நின்று, தானே கண்டுகொள்ள வேண்டியது அது. பயணம் என்பது தொலைவு கடப்பது என்றே பலரும் எண்ணுகின்றனர். தாரமங்கலத்தில் சில அடி தூரமே போதும்!

இனி, நாமக்கல்லுக்கு வருவோம். சேலத்திற்குத் தெற்கே, பரந்த சமவெளியின் நடுவே, ஒரே பாறையாக எழுந்து நிற்கும் குன்று அது. அதன் மேலே பாறையின் வளைவுக்கு ஏற்பக் கோட்டைமதில் வளைந்து செல்கின்றது. கீழே, மேற்குப் புறத்தில் நரசிம்மருக்கும் கிழக்குப் புறத்தில் அரங்கநாதருக்கும் பாறையைக் குடைந்து கோயில்கள் செய்துள்ளனர். இவை ஏறத்தாழ 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அதியர் குலத்து மன்னன் குணசீலனோடு தொடர்புடையவை என்பதனைக் கல்வெட்டால் அறிகிறோம். நரசிம்மர் கோயிலுக்கு எதிரே, சற்றுத் தொலைவில், 18 அடி உயரமுள்ள ஆஞ்சநேயர் நரசிம்மரை நோக்கிக் கைகூப்பி நிற்கின்றார். அவருக்கு மேற்கூரை இல்லை. இறைவன் மலையுருவாய் வெயிலிலும் மழையிலும் நிற்க, அடியவர்க்கு மட்டும் நிழல் எதற்கு என்பர் ஊரார். காரணம் அதுவே ஆகுக, வேறே ஆகுக. கோயில்கள் இரண்டும் தனித்தனியே நிற்பினும், அவரது நோக்கு ஒன்றே அவற்றை ஓர் அமைப்பாகப் பிணிக்கின்றது. அந்நோக்கினை நீக்கிவிட்டால் எஞ்சுவது பெரிய சிலை ஒன்றும், குடைவரை ஒன்றுமே.

கண்ணை எண்ணிக் கட்டுதல் தமிழர்க்கே உரியது என்று நான் கூறவில்லை. கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் ஏதென்சு நகரில் எழுந்த பார்த்தினான் கோயிலின் மேடை நடுவே சிறிது உயர்ந்திருக்கும். தூண்கள் இடையே சிறிது பருத்திருக்கும். கண்ணின் மயக்கத்தைத் திருத்தவே இவ்வாறு செய்தனர் என அறிஞர் பலர் கருதுவர். அவ்வளவு தொலைவு போவானேன்? நாமக்கல்லிலேயே லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் பல உள. ஓட்டுநர் எங்கே அமர்வார், எத்துணைத் தூரம் அவர் கண் செல்லும் என்பதனை எண்ணாமல் அங்குள்ள தச்சர் முன்கூண்டை அமைப்பதில்லை. கண்ணை மறந்து கட்டினால் வண்டி கவிழும்.

கோயில் கவிழ்வதில்லை, ஆகவே அங்கே நாம் கண்ணை மறக்கின்றோம். பழைய கோயில்கள் பலவற்றில் திருப்பணி என்னும் பெயரால் நிகழ்வன யாவை? மண்டபத்து முகப்பில் தகரப்பந்தல் எழுகின்றது. தூண்களுக்கு இடையே இரும்புக் கம்பிவேலி குறுக்கிடுகின்றது. நன்கொடையாளர் பெயர் எழுதிய பலகை, சிற்பத்துக்கு நேர் எதிரே தொங்குகின்றது. குழல்விளக்கு ஒன்றுக்கு நான்கு வரி! சிற்பத்தை எவரும் உடைக்கவில்லை என்று நாம் மனநிறைவு கொள்கிறோம். கல்லுக்கு ஊறு இல்லை என்பது உண்மையே. ஆனால் சிற்பி அமைத்த வெளி அடைபட்டுவிட்டது. உடைந்த கல்லைக் கண்டால் பதைக்கும் நெஞ்சு, அடைபட்ட பார்வையைக் கண்டு பதைப்பதில்லை. அங்கே ஒரு பார்வை இருந்தது என்பதே நமக்குத் தெரியாமல் போவதால்.

வெயிலில் வரிசை நிற்கும் முதியோர்க்கும் குழந்தைகட்கும் நிழல் வேண்டாவா என்று கேட்பர். வேண்டும், அதனை மறுப்பவன் இரக்கமற்றவன். நான் கேட்பது பந்தல் எங்கே நிற்கவேண்டும் என்பதே. பத்தடி தள்ளி நின்றாலும் நிழல் நிழலே.

குடமுழுக்கிற்கு முன் திருப்பணிக் குழுவினர் செலவுத்திட்டம் வகுக்கின்றனர். சுண்ணாம்பு இத்தனை, வண்ணம் இத்தனை, கம்பி இத்தனை எனப் பட்டியல் நீள்கின்றது. அதனை எழுதத் தொடங்குமுன் அக்குழுவினர் கோயிலின் தூண்தோறும் சென்று, அங்குள்ள உருவம் எதனை நோக்குகின்றதோ அதனைத் தாமும் ஒருமுறை நோக்குதல் வேண்டும். அந்நோக்கு செல்லும் வழியைத் தரையிலே ஒரு சுண்ணக்கோட்டால் குறித்துவைத்தல் வேண்டும். அக்கோட்டின்மேல் கால்நாட்டாதிருக்குமாறு பந்தற்காரரிடம் சொல்லிவிட்டால் போதும். இதற்குப் பொருட்செலவு ஒரு சிறங்கைச் சுண்ணாம்பே.